அலிபாபாவும் 40 திருடர்களும்: எங்கிட்ட அடிக்கடி கேக்கற கேள்விங்க

நான் சேலம், செவ்வாய்பேட்டை பக்கம். வீட்டோட சேர்ந்தே கொலுசு பட்டறை இருக்கு, காலைல ஷட்டரைத் தூக்குனா ராத்திரி வரைக்கும் பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும், பாட்டு இல்லன்னா எங்க ஆளுங்களுக்குக் கையே ஓடாது. அதுல தினமும் ஒரு தடவையாவது 1956ல வந்த இந்தப் படத்துப் பாட்டு வந்துடும், ஏன்னா பாட்டு போடறது நான். சொந்தக்காரங்க, கடைக்கு சரக்கு எடுக்க வர்றவங்க, என் மகளோட காலேஜ் ஃப்ரெண்ட்ஸ்னு எல்லாரும் கேக்கறதே மாத்தி மாத்தி இதேதான். அதான் ஒரே எடத்துல எழுதிட்டேன்.

இந்தப் படத்துல அப்படி என்னதாங்க இருக்கு?

பாட்டு இருக்குங்க. எல்லாப் படத்துலயும்தான் பாட்டு இருக்கேன்னு கேப்பீங்க, ஆனா நிறைய படத்துல பாட்டு வந்தா கதை அங்கயே நின்னுக்கும், பாட்டு முடிஞ்சப்பறம் விட்ட எடத்துல இருந்து திரும்ப நடக்கும். இந்தப் படத்துல அப்படி இல்ல. மார்ஜியானாங்கற ஆட்டக்காரி, வயித்துப் பொழப்புக்கு நாலு பேர் முன்னாடி ஆடறவ, அவ மனசுல இருக்கறதை எல்லாம் பாட்டுலதான் சொல்றா. தன்னோட மானத்தைப் பத்தி பாட்டுல சொல்றா, கட்டிக்கப் போறவன் மேல இருக்கற சந்தேகத்தைப் பாட்டுல கேக்கறா, ஆட்டத்தை வச்சே எதிரியை மடக்கறா. வசனத்துல இவ்வளவு தைரியமா ஒரு பொண்ணை அந்தக் காலத்துல பேச விட்டிருப்பாங்களான்னு தெரியல, பாட்டுல விட்டிருக்காங்க. பாட்டை எடுத்துட்டா இந்தப் படத்துல அவளே இல்ல. அதனாலதான் நான் இதை மியூசிக்கல்னு சொல்றேன், சும்மா பெருமைக்கு சொல்லல.

கதை தெரியாது, சுருக்கமா சொல்லுங்க.

அராபியக் கதைதான், ஸ்கூல் புக்குல படிச்சிருப்பீங்க. விறகு வெட்டி அலிபாபா, அவன் காப்பாத்துற ஆட்டக்காரி மார்ஜியானா, பணக்கார அண்ணன் காசிம். காட்டுல திருடங்க மந்திரம் சொல்லி குகையைத் தொறக்கறதை அலிபாபா ஒளிஞ்சு நின்னு பாத்துடறான், அவன் வாழ்க்கை மாறிடுது. அண்ணனுக்கு ஆசை வந்து அவனும் குகைக்குள்ள போறான், வெளிய வர மந்திரம் மறந்து போகுது. அப்பறம் திருடங்க தலைவன் அலிபாபாவைத் தேடி வியாபாரி வேஷத்துல வீட்டுக்கே விருந்தாளியா வர்றான். இவ்வளவுதான்.

இது எம்ஜிஆர் படம்தானே? நீங்க பானுமதி படம்ங்கறீங்க?

எங்க வீட்டுல ரொம்ப சண்டை வந்த கேள்வி இது. எங்க சித்தப்பா எம்ஜிஆர் ரசிகர், இன்னிக்கும் பர்ஸ்ல அவர் போட்டோதான் வச்சிருக்கார். எம்ஜிஆர் இந்தப் படத்துல நல்லா இருக்கார், அதுல எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லைங்க, கலர்ல அந்த முகத்தைப் பாத்துட்டு ஜனம் எப்படி ஆடிப் போயிருக்கும்னு யோசிச்சா எனக்கே சந்தோஷமா இருக்கு. கத்திச் சண்டை, குதிரை, சிரிப்பு, எல்லாம் சரி. ஆனா கதையை யார் நகத்தறாங்கன்னு பாருங்க. வந்திருக்கறது யாருன்னு கண்டுபிடிக்கறது யாரு? ஆபத்து வர்றப்ப மூளையை உபயோகிக்கறது யாரு? மூலக் கதையிலயே அவதான், அலிபாபா பாவம் விஷயமே தெரியாம விருந்து போட்டுக்கிட்டு இருப்பான்.

அதுக்கு மேல பானுமதின்னு ஒரு ஆள் இருக்காங்க. அவங்க வெறும் நடிகை இல்ல. தன் பாட்டைத் தானே பாடுவாங்க, சொந்தமா பரணி ஸ்டுடியோ வச்சிருந்தாங்க, இந்தப் படத்துக்கு மூணு வருஷம் முன்னாடியே, 1953ல, சண்டிராணிங்கற படத்தைத் தமிழ், தெலுங்கு, இந்தின்னு மூணு பாஷையிலயும் அவங்களே டைரக்ட் பண்ணிட்டாங்க. அப்படிப்பட்ட பொம்பளை வந்து, என்கிட்ட இருக்கறது தன்மானம் ஒண்ணுதான்னு பாடறப்ப அது நடிப்புன்னே தோணாது. அழகான பொண்ணுன்னு ஆரம்பிக்குமே, அந்தப் பாட்டைத்தான் சொல்றேன். கேக்கறவன் முதல் வரியைக் கேட்டுட்டு ஏதோ கிளுகிளுப்புப் பாட்டுன்னு நினைச்சுக்குவான். ரெண்டு வரி தாண்டுனா, நான் காட்டு ரோஜா, பறிக்க வந்தா முள்ளு குத்தும்ங்கறா. சிரிச்சுக்கிட்டே சொல்றா, ஆனா சொல்லிட்டா. என் மகளுக்கு நான் சொல்லிக் குடுக்க நினைச்ச விஷயம் அது, அவளுக்கு பத்து வயசு இருக்கறப்பவே இந்தப் பாட்டு மனப்பாடம் ஆயிடுச்சு.

சித்தப்பா ஒத்துக்கல. ஒத்துக்கவும் மாட்டார். ஆனா அந்தப் பாட்டு வந்தா டீ கிளாஸைக் கீழ வச்சுட்டுக் கேப்பார்.

'மாசிலா உண்மைக் காதலே' பாட்டைப் பத்தி பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டீங்களாமே?

ஆமாங்க, நிறுத்த மாட்டேன்.

எல்லாரும் அதை ஒரு நல்ல டூயட்னு சொல்லிட்டுப் போயிடறாங்க. கல்யாண வீட்டுல ஆர்கெஸ்ட்ராக்காரங்க பாடுவாங்க, பொண்ணு மாப்பிள்ளை சிரிப்பாங்க. வார்த்தையைக் கவனிச்சுக் கேளுங்க. அது கொஞ்சற பாட்டு இல்ல, விசாரணை. நேத்து வரைக்கும் விறகு வெட்டினவன் இன்னிக்குப் பெரிய பணக்காரன். காசு வந்தவன் மனசு மாறுறதை ஆயிரம் பேர்கிட்ட பாத்தவ அவ, அவ தொழில் அப்படி. பாட்டை எடுக்கறது அவன்தான், செல்வம் வந்தா உண்மைக் காதல் மாறிடுமான்னு. அவ விடல. நீங்க பேசற பேச்சு நெசந்தானா, இல்ல ஒண்ணும் தெரியாத என்னை ஏய்க்கப் போடற வேஷமான்னு திரும்பக் கேக்கறா. இவ்வளவு நேரடியா, மரியாதை குறையாம, கண்ணைப் பாத்துக் கேக்கற பொண்ணை எத்தனை பாட்டுல நீங்க பாத்திருக்கீங்க?

மருதகாசி எழுதுன வரிங்க. எளிமையா இருக்கும், ஒரு வார்த்தை கூட அகராதி பாக்கத் தேவையில்லாத வார்த்தை. அவர் சினிமாவுக்கு வந்ததே இதே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் மூலமாத்தான், 1949ல மாயாவதி படத்துக்கு எழுதுனார்.

அப்பறம் ஏ.எம்.ராஜா குரல். எம்ஜிஆருக்கு டி.எம்.எஸ். குரல்னு நமக்கு மனசுல பதிஞ்சு போச்சு, ஆனா இந்த எடத்துல டி.எம்.எஸ். பாடியிருந்தா அது வேற பாட்டா ஆகியிருக்கும். டி.எம்.எஸ். குரல் வந்தா பதில் முடிவான பதிலா இருக்கும், ஆம்பளை சொல்லிட்டான், அவ்வளவுதான்னு ஆயிடும். ராஜா குரல்ல ஒரு குழைவு இருக்கு பாருங்க, அவன் தன்னை நம்பச் சொல்லி அவகிட்ட கேட்டுக்கிட்டு இருக்கான்னு தோணும். பானுமதி குரல்தான் அங்க பலமான குரல். கேள்வி கேக்கறவ குரல் உறுதியா, பதில் சொல்றவன் குரல் மெதுவா. அதை யார் யோசிச்சு அப்படி வச்சாங்களோ, அவங்க கையைத் தொட்டுக் கும்பிடணும்.

எங்க பட்டறைல வெள்ளியை ஒட்டறதுக்குப் பொடி வச்சு பத்த வைக்கற நேரத்துல மூச்சை அளவாத்தான் ஊதணும், அங்க இங்க பாக்க முடியாது, கொஞ்சம் அசந்தா வெள்ளி உருகி ஓடிடும். அந்த நேரத்துல காதுல விழறது மட்டும்தான் நமக்கு துணை. இருபது வருஷமா நான் அந்தப் பாட்டைப் படமாப் பாத்ததை விட நெருப்புக்கு முன்னாடி உக்காந்து கேட்டதுதான் அதிகம். அதனாலதான் இவ்வளவு சொல்றேன்.

அந்த ட்யூன் இந்தில இருந்து எடுத்ததுதானே?

ஆமா, மறைக்க ஒண்ணும் இல்ல. 1954ல ஹோமி வாடியா எடுத்த இந்திப் படம் அலிபாபா ஔர் 40 சோர், மஹிபாலும் ஷகிலாவும் நடிச்சது, எஸ்.என்.திரிபாதியும் சித்ரகுப்தும் மியூசிக். மாசிலா பாட்டோட மெட்டு அங்க இருந்துதான் வந்துச்சு. அந்தக் காலத்துல அது ரொம்ப சகஜம், இந்தில ஹிட்டான மெட்டை வேணும்னு தயாரிப்பாளரே கேட்டு வாங்குவாங்க.

இதை வச்சுக்கிட்டு படத்தையே மட்டமா பேசறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். ரெண்டையும் அடுத்தடுத்து போட்டுக் கேளுங்க. இந்திப் பாட்டும் அருமையான பாட்டு. மெட்டு ஒண்ணா இருந்தாலும் தமிழ்ல அவ கேக்கற கேள்வி அந்த மெட்டுக்கே ஒரு முதுகெலும்பு குடுத்துடுது. வெள்ளி எல்லாம் ஒரே வெள்ளிதாங்க, வெளியூர்ல இருந்துதான் கட்டியா வருது, சேலத்துக் கொலுசுன்னு அதுக்குப் பேர் வர்றது இங்க செய்யற வேலைனால.

மியூசிக் தட்சிணாமூர்த்தின்னு போட்டிருக்கே, மலையாளத்து தட்சிணாமூர்த்தியா?

இல்லைங்க, ரெண்டு பேர். மலையாளத்துக்காரர் வி.தட்சிணாமூர்த்தி, ஜீவித நௌகாவுக்கு மியூசிக் போட்டவர். நம்ம படத்துக்கு மியூசிக் சுசர்லா தட்சிணாமூர்த்தி, தெலுங்குக்காரர், டைட்டில்ல எஸ்.தட்சிணாமூர்த்தின்னு வரும். மாடர்ன் தியேட்டர்ஸோட சர்வாதிகாரிக்கும் அவர்தான். தெலுங்குல 1963ல வந்த நர்த்தனசாலா பாட்டைக் கேட்டுப் பாருங்க, எவ்வளவு பெரிய ஆள்னு புரியும். தமிழ்ல அவர் பேரை யாரும் சொல்றதே இல்ல, அது எனக்கு ரொம்ப வருத்தம்.

முதல் கலர் படம்னு சொல்றாங்களே, உண்மையா?

தமிழ்ல முழுக்க முழுக்க கலர்ல வந்த முதல் படம், 1956 பொங்கலுக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி சில படத்துல ஒரு பாட்டு, ஒரு சீன்னு துண்டு துண்டா கலர் இருந்திருக்கு. இது கேவா கலர், பெல்ஜியத்து கேவர்ட் கம்பெனி ஃபிலிம். அப்ப இருந்த கலர் ஃபிலிமுக்கு வெளிச்சம் ஏராளமா வேணும், அதனால செட்டுல லைட்டு மேல லைட்டு போட்டு கொதிக்கும், அதுல அந்த ஜிகினா டிரஸ், தலைப்பாகை எல்லாம் போட்டுக்கிட்டு சிரிச்ச முகமா ஆடணும். பாக்கறப்ப இதையும் கொஞ்சம் நினைச்சுக்கங்க.

இப்ப நமக்குக் கிடைக்கற காப்பில கலர் வெளுத்துப் போயிருக்கும், சிவப்பு ஏறிக் கெடக்கும், பழைய கலர் பிரிண்டுக்கு எல்லாம் வர்ற வியாதி அது. அதைப் பாத்துட்டு இதுவா கலர்னு என் மக கேட்டா. பொங்கலன்னிக்கு கறுப்பு வெள்ளையை மட்டுமே பாத்துப் பழகுன கண்ணோட போய் உக்காந்தவங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்னுதான் யோசிக்கணும்.

சேலத்துல எடுத்த படமா? போய் பாக்கறதுக்கு ஏதாவது இருக்கா?

டி.ஆர்.சுந்தரம் டைரக்ட் பண்ணித் தயாரிச்சது, மாடர்ன் தியேட்டர்ஸ் படம். ஸ்டுடியோ இங்க அஸ்தம்பட்டி தாண்டி ஏற்காடு போற ரோட்டுல, சேர்வராயன் மலை அடிவாரத்துல இருந்துச்சு. சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர், அப்ப அது சேலம் ஜில்லா, இப்ப நாமக்கல். இங்கிலாந்து போய் ஜவுளி படிப்பு படிச்சுட்டு வந்தவர், ஸ்டுடியோவையும் ஒரு மில்லு மாதிரிதான் நடத்துனார்னு சொல்வாங்க. நேரத்துக்கு வரணும், நேரத்துக்கு முடிக்கணும், யாரா இருந்தாலும் சரி. மெட்ராஸ்ல இருந்து நடிகருங்க ரயிலேறி சேலத்துக்கு வந்து தங்கி நடிச்சுக் குடுத்துட்டுப் போவாங்க. கலைஞரும் கண்ணதாசனும் இங்க சம்பளத்துக்கு எழுதுனவங்க. மலையாளத்தோட முதல் பேசும்படம் பாலன், 1938, இங்கதான் எடுத்தாங்க. மலையாளத்தோட முதல் கலர் படம் கண்டம் பெச்ச கோட்டு, 1961, அதுவும் இவங்க படம்தான், சுந்தரமே டைரக்ட் பண்ணுனது. நூறு படத்துக்கு மேல எடுத்திருக்காங்க. 1963ல அவர் செத்துட்டார்.

இப்ப போய் பாக்கறதுக்குன்னா, ரோட்டோரமா அந்த நுழைவாயில் வளைவு நிக்குது. மாடர்ன் தியேட்டர்ஸ்னு பேர் போட்டது. உள்ள ஸ்டுடியோ இல்ல, வீடுங்கதான். ஏற்காட்டுக்கு டூர் வர்றவங்க பஸ்ஸுலயும் கார்லயும் அதைத் தாண்டித்தான் போறாங்க, 20 கொண்டை ஊசி வளைவை எண்ணிக்கிட்டே போற ஜனம் இந்த வளைவை கவனிக்கறதே இல்ல. மேல ஏரில போட் ஓட்டிட்டு, காபித்தூள் வாங்கிட்டுத் திரும்பறப்பவாவது ரெண்டு நிமிஷம் வண்டியை ஓரங்கட்டுங்க. நான் வெளியூர்ல இருந்து சொந்தக்காரங்க யார் வந்தாலும் அங்க கூட்டிட்டுப் போவேன். வளைவுக்குக் கீழ நின்னு பின்னாடி பாத்தா மலை தெரியும். அந்த மலையைப் பாத்துக்கிட்டுதான் அத்தனை பேரும் காலைல வேலைக்கு உள்ள நுழைஞ்சிருப்பாங்கன்னு நினைப்பேன், எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும்.

சேலத்துக்காரி, அதனாலதான் தூக்கிப் பேசறீங்க?

சேலத்துல எடுத்த படம் எல்லாத்தையும் நான் தூக்கிப் பேசலயே. சில படத்துல எனக்கு ஒரு பாட்டு கூட பிடிக்காது. ஆனா ஊர்ப்பாசம் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். மாம்பழம், ஸ்டீல் பிளான்ட், ஜவ்வரிசி, தட்டுவடை செட்டுன்னு ஊர்ப் பெருமையை எண்ணறவங்க இதையும் சேத்து எண்ணணும்ங்கறது என் ஆசை.

மியூசிக்கல்னா சவுண்ட் ஆஃப் மியூசிக் மாதிரி இங்கிலீஷ் படம்தானே?

என் மகளோட ஃப்ரெண்டு கேட்ட கேள்வி. அந்தப் படமும் எனக்குப் பிடிக்கும், 1965, ஜூலி ஆண்ட்ரூஸ் மலை மேல சுத்திக்கிட்டே பாடறது, ஏற்காட்டுல பனி விலகுறப்ப அது ஞாபகம் வரும். ஆனா பாட்டால கதை சொல்றது வெளிநாட்டுல இருந்து நமக்கு வந்ததில்ல கண்ணு. நம்ம தெருக்கூத்து, நாடகக் கொட்டகை, எல்லாமே பாட்டுதான். பேசும்படம் வந்த புதுசுல ஒரு படத்துக்கு நாப்பது அம்பது பாட்டு வைப்பாங்க. 1944ல வந்த ஹரிதாஸ் மெட்ராஸ் பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி பாத்துச்சுன்னு சொல்வாங்களே, ஜனம் திரும்பத் திரும்ப போனது பாகவதர் பாட்டுக்குத்தான்.

அலிபாபா வந்த நேரத்துல பாட்டு எண்ணிக்கை குறைஞ்சு வசனம் மேல ஏறிடுச்சு. பராசக்தி மாதிரி படத்துக்கு அப்பறம் வசனத்துக்குத்தான் கைதட்டல். அந்த நேரத்துல பாட்டுக்கு இவ்வளவு வேலை குடுத்து ஒரு படம் வந்திருக்குங்கறதுதான் எனக்குப் பெருசாத் தெரியுது.

'திறந்திடு சீசே'ன்னா என்ன அர்த்தம்?

அண்டா காகசம், அபூ காகசம்ங்கறதுக்கு எல்லாம் அர்த்தம் தேடாதீங்க, மந்திரம்னா வாயில உருளணும், அவ்வளவுதான். சீசேங்கறது இங்கிலீஷ்ல சொல்ற செசமிதான், நம்ம எள்ளு. காசிம் குகைக்குள்ள மாட்டிக்கிட்டு அந்த ஒரு வார்த்தை வராம தவிக்கற சீன் இருக்கே, அதை எம்ஜிஆரோட சொந்த அண்ணன் சக்கரபாணியே பண்ணியிருக்கார், படத்துலயும் அண்ணன், நெசத்துலயும் அண்ணன். சின்ன வயசுல அந்த சீன்ல நான் டிவி முன்னாடி நின்னு அவருக்கு வார்த்தையை எடுத்துக் குடுப்பேனாம். எங்க தெருவுல காலைல பட்டறை ஷட்டரைத் தூக்கறப்ப இன்னமும் யாராவது ஒருத்தர் சொல்லிக்கிட்டேதான் தூக்குவாங்க, அதுல பாதிப் பேர் படத்தைப் பாத்திருக்கவே மாட்டாங்க.

வஹீதா ரஹ்மான் இந்தப் படத்துல இருக்காங்களாமே?

இருக்காங்க, ஒரு நடனத்துக்கு வருவாங்க. செங்கல்பட்டுல பொறந்தவங்க. அதே 1956ல இந்தில சி.ஐ.டி. வந்துச்சு, அப்பறம் அவங்க வேற உயரத்துக்குப் போயிட்டாங்க. கண்ணை எடுக்காம பாருங்க, சட்டுன்னு முடிஞ்சுடும்.

குறையே இல்லையா?

இருக்குங்க. காமெடி சில எடத்துல இழுக்குது. தங்கவேலு, சாரங்கபாணி ரெண்டு பேரும் எனக்குப் பிடிச்சவங்க, ஆனா ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப பண்றப்ப நான் எழுந்து போய் அடுப்பைப் பாத்துட்டு வந்துடுவேன். அரேபியான்னு அவங்க காட்டறது யாரும் போய்ப் பாக்காத அரேபியா, துணிக்கடைல இருந்த ஜிகினா எல்லாம் மேல ஏத்தி விட்டிருக்காங்க. பி.எஸ்.வீரப்பா சிரிப்பு கேக்க நல்லா இருக்கும், ஆனா திருடங்க தலைவன் இன்னும் கொஞ்சம் பயமுறுத்தியிருக்கணும், அவரை நாம ரசிச்சுடறோம்.

பெரிய குறைன்னு எனக்குப் படறது வேற. இவ்வளவு புத்திசாலியான பொண்ணை வச்சுக்கிட்டு, கடைசில அவளைக் காப்பாத்தறதுக்கு ஹீரோ வந்து சண்டை போட்டாத்தான் படம் முடியும்னு வச்சுட்டாங்க. விருந்துல ஆட்டம் ஆடி எதிரியை மடக்குனவ அவ. அங்கயே முடிச்சிருக்கலாம். அந்த எடத்துல படம் அவகிட்ட இருந்து கை மாறிடுது, எனக்கு ஒவ்வொரு தடவையும் மனசு ஒப்பாது.

டிவில பாத்தேன், நீங்க சொல்ற பாட்டு வரலயே?

வெட்டியிருப்பாங்க. ஒரு சேனல்ல ஒரு பண்டிகை நாள்ல இந்தப் படம் போடறதா விளம்பரம் வந்துச்சு, வேலையை எல்லாம் முன்னாடியே முடிச்சுட்டு, சொந்தக்காரங்களை எல்லாம் வரச் சொல்லி, எங்க அப்பாயியை முன்னாடி சேர்ல உக்கார வச்சுட்டு நாங்க காத்துக்கிட்டு இருந்தோம். ரெண்டு பாட்டு இல்ல. சண்டை முழுசா இருக்கு, விளம்பரம் முழுசா இருக்கு, பாட்டை எடுத்துட்டாங்க. இந்தப் படத்துல பாட்டை வெட்டறது மார்ஜியானா வாயைப் பொத்தறதுக்கு சமம். அவ ஏன் அவனை நம்புனான்னே புரியாமப் போயிடும். அப்பாயி எதுவும் சொல்லல, எங்கடி அந்தப் பாட்டுன்னு மட்டும் என்னைப் பாத்துக் கேட்டாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

இன்டர்நெட்ல முழுப் படம் கிடைக்குது. ஆனா பாக்கறதுக்கு முன்னாடி மாசிலா இருக்கா, அழகான பொண்ணு இருக்கா, ஜிக்கி பாடுன சலாம் பாபு இருக்கான்னு ஓட்டிப் பாத்துட்டு உக்காருங்க. கண்டசாலா பாடுன உல்லாச உலகம் பாட்டும் இருக்கணும்.

சின்னப் பசங்களுக்குக் காட்டலாமா?

தாராளமா. குகை, பொதையல், குதிரை, வேற என்ன வேணும்? முதல் அரை மணி நேரம் பக்கத்துல உக்காருங்க, அப்பறம் அவங்களே பாத்துக்குவாங்க.

நீங்க முதல்ல எப்படி இந்தப் படத்துக்குள்ள போனீங்க?

எங்க அப்பாயினாலதான். அவங்க ஊர் ஓமலூர் பக்கம். டெண்ட் கொட்டாய்ல பாத்தாங்களாம், படம் வந்து சில வருஷம் கழிச்சு. மாட்டு வண்டி கட்டிக்கிட்டு தெருவே போயிருக்கு. தரைல மணல் குமிச்சு அது மேல ஏறி உக்காந்தாத்தான் முன்னாடி இருக்கறவங்க தலை மறைக்காது, பின்னாடி இருக்கறவன் திட்டுவான், கையால மணலைத் தட்டி விடுவான், திரும்பக் குமிப்பாங்களாம். ரீல் மாத்தறப்ப லைட்டு வரும், முறுக்கு விக்கறவன் வருவான்.

அதெல்லாம் எல்லா வீட்டுக் கெழவியும் சொல்றதுதான். எங்க அப்பாயி சொன்னதுல எனக்கு மறக்காதது வேற. அப்ப அவங்களுக்கு கல்யாணம் பேசி முடிச்சிருந்த நேரம், மாப்பிள்ளையை ஒரு தடவை தூரத்துல பாத்ததோட சரி. மாசிலா பாட்டு வந்தப்ப, கட்டிக்கப் போறவன்கிட்ட இப்படியெல்லாம் ஒரு பொண்ணு கேள்வி கேக்கலாமான்னு பக்கத்துல இருந்த அத்தைகிட்ட கேட்டிருக்காங்க. பேசாம படத்தைப் பாருடின்னு அத்தை தொடைல கிள்ளியிருக்காங்க. நீங்க தாத்தாகிட்ட அப்பறம் கேட்டீங்களா அப்பாயின்னு நான் கேட்டேன். கல்யாணமாகி ஒரு வருஷம் கழிச்சு கேட்டேன் கண்ணுன்னு சொன்னாங்க. என்ன கேட்டாங்க, தாத்தா என்ன சொன்னார்ங்கறதை மட்டும் சாகற வரைக்கும் சொல்லவே இல்ல.

கொலுசு பண்றவங்க நீங்க, படத்துல வர்ற சலங்கை சத்தம் நெசமா?

இதைக் கேட்டவர் ஒரு டிரைவர் அண்ணன், சரக்கு ஏத்த வந்தவர். ரொம்ப நல்ல கேள்வி, வேற யாருமே கேட்டதில்ல.

பாட்டை முதல்ல ரெக்கார்ட் பண்ணிடுவாங்க, அப்பறம்தான் அதை ஓட விட்டு ஆடுவாங்க. அதனால நாம கேக்கற சலங்கை ஆடறவங்க கால்ல கட்டுனது இல்ல, மைக்குக்கு முன்னாடி ஒரு வாத்தியக்காரர் கையில வச்சு தாளத்துக்குத் தட்டுனது. அப்படியும் காலும் சத்தமும் சேர்ந்து விழற மாதிரி ஆடியிருக்காங்க பாருங்க, அதுதான் வேலை.

எங்க அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. கொலுசு மெருகு போட்டு வந்ததும் ஜோடியை எடுத்து காதுகிட்ட வச்சு ஒரே ஒரு தடவை உதறுவார். முப்பது சலங்கைல ஒண்ணு பேசலன்னாலும் அவருக்குத் தெரிஞ்சுடும், அதைத் தனியா வச்சுடுவார். ஒரு நாள் அழகான பொண்ணு பாட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சு, அவர் உதறக் கையைத் தூக்கினவர் அப்படியே நின்னுட்டார். பாட்டு முடியட்டும்மான்னார். முடிஞ்சப்பறம்தான் உதறுனார்.